கையில் கொடுத்த துண்டு

இருபத்து மூன்றாவது துண்டை உறையிலிருந்து உருவி உதறியபோது உள்ளேயிருந்து ஒரு காகிதம் விழுந்தது. ஜவுளிக்கடை ரசீதாக இருக்கும் என்று தங்கவேலு அதைக் காலால் ஓரம் தள்ளினான். தள்ளியவன் அப்படியே விட்டிருந்தால் அன்றைய விழா நல்லபடியாக முடிந்திருக்கும். வந்தவர்கள் எல்லாரும் கேசரி தின்று, ஏப்பம் விட்டு, வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் பத்தொன்பது வருஷம் ஒரு எம்.எல்.ஏ.வுக்கு உதவியாளனாக இருந்தவனுக்குத் தரையில் காகிதம் கிடந்தால் கை சும்மா இருக்காது. குனிந்து எடுத்தான்.

அவன் உட்கார்ந்திருந்தது திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறை. சுவருக்கு அந்தப் பக்கம் மேடை. தொண்ணூற்றாறு பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை காலை. எம்.எல்.ஏ. சென்னிமலை இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று அறிவித்துவிட்டார். நாலு முறை ஜெயித்து, ஒருமுறை தோற்று, அறுபத்தெட்டு வயதில் போதும் என்று ஒதுங்குகிறவருக்குப் பாராட்டு விழா. நாற்காலியெல்லாம் நிரம்பி, சுவரோரம் சாய்ந்து நிற்கிற அளவுக்குக் கூட்டம். பேச வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். விழாவின் கடைசியில் ஐயா தன் கையாலேயே ஐம்பது பழைய தொண்டர்களுக்குத் துண்டு போர்த்துவதாக ஏற்பாடு. ஐம்பது உறையையும் மேடையில் நின்று பிரித்துக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்றுதான் தங்கவேலு முன்கூட்டியே பிரித்து அடுக்க உட்கார்ந்தான்.

அந்தத் துண்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வருஷத்தில் எத்தனை துண்டு வரும் என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. பாலம் திறந்தால் துண்டு, பள்ளிக்கூட விழா என்றால் துண்டு, காதுகுத்துக்குப் போனாலும் துண்டு. ஆண்கள் அதை உதறிப் பிரித்துத் தோளில் போர்த்துவார்கள். பெண்கள் அப்படிச் செய்வதில்லை. அடுத்த ஆம்பிளையின் தோளைத் தொட்டுப் போர்த்துவதாவது! உறையோடு இரண்டு கையாலும் ஏந்திக் கையில் கொடுப்பார்கள். ஐயா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னால் நிற்கிற தங்கவேலுவிடம் நீட்டிவிடுவார். பிரித்த துண்டுகளை அவன் ஓர் அநாதை விடுதிக்கு அனுப்புவான். பிரிக்காதவை அலுவலக பீரோவுக்குப் போகும். ஐயா வேறு யாருக்காவது மரியாதை செய்யவேண்டி வந்தால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பான். புத்தம்புதிதாகவே இருக்கும், யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. இந்தச் சிக்கனத்தில் அவனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

காகிதம் கோடு போட்ட நோட்டுத்தாள். நாலாக மடித்திருந்தது. பிரித்தான். உருண்டை உருண்டையான பிள்ளைக் கையெழுத்து.

‘மதிப்பிற்குரிய எம்.எல்.ஏ. ஐயா அவர்களுக்கு, நல்லூர் லைன் வீட்டில் குடியிருக்கும் மாரக்காள் எழுதிக்கொள்வது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறைச் சுவர் இருக்கிறது. அவர்கள் பாய்லர் விறகைச் சுவர்மேல் சாய்த்து உயரமாக அடுக்குகிறார்கள். சுவர் எங்கள் பக்கம் வயிறு தள்ளி நிற்கிறது. வாட்ச்மேனிடம் சொன்னால் திட்டுகிறார். முதலாளி வீட்டுக்கும் இரண்டு தடவை போய்ச் சொன்னோம். அந்தச் சந்தில்தான் நாங்கள் விளையாடுகிறோம். தயவுசெய்து விறகை எடுக்கச் சொல்லவும்.’

அடியில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. தேதி ஐந்து ஒன்பது தொண்ணூற்று மூன்று. அதற்கும் கீழே, ‘எழுதியது: சி. பூங்கொடி, ஐந்தாம் வகுப்பு அ பிரிவு.’

தங்கவேலுவின் கண் அந்தத் தேதியிலேயே நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்து மறுபடி படித்தான். எத்தனை தடவை படித்தாலும் தேதி மாறவில்லை.

அந்தச் சுவர் தொண்ணூற்று மூன்று ஐப்பசி மழையில் விழுந்தது. அதாவது இந்தத் தேதிக்கு இரண்டு மாதம் கழித்து. செத்தது ஒரே உயிர். மாரக்காளின் மகள், பத்து வயசு, பூங்கொடி.

அன்றைக்கு ஐயாவோடு தங்கவேலுவும் அங்கே போயிருந்தான். ஐயா இடிபாட்டுக்கு நடுவில் நின்று உண்மையிலேயே கண் கலங்கினார். அவர் கெட்டவர் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மணி” என்று மாரக்காளைப் பார்த்துச் சொன்னார். அந்தம்மா தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள், அப்புறம் தங்கவேலுவைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. துக்கத்தில் வாயடைத்துப்போய் நிற்கிறாள் என்று அவன் அன்று நினைத்துக்கொண்டான்.

வழக்கு கோர்ட்டுக்குப் போனது. சாயப்பட்டறை முதலாளி நஞ்சப்பன் சொன்னது ஒரே சங்கதி: மழையில் விழுந்தது சுவர், முன்கூட்டி ஒருத்தரும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. மாரக்காள் கூண்டில் ஏறி, முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னதையும், எம்.எல்.ஏ. கையிலேயே மனு கொடுத்ததையும் சொன்னாள். நகல் எங்கே என்றார் நஞ்சப்பனின் வக்கீல். அவளிடம் இல்லை. அப்படியானால் எம்.எல்.ஏ.வையே கேட்டுவிடலாம் என்றார் வக்கீல். ஐயா தங்கவேலுவைக் கேட்டார். தங்கவேலு இரண்டு நாள் உட்கார்ந்து மனுப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினான். மாரக்காள் என்ற பேரே அதில் இல்லை. ‘மேற்படி நபரிடமிருந்து எனது அலுவலகத்துக்கு எந்த மனுவும் வரப்பெறவில்லை’ என்று அவனே டைப் அடித்தான், ஐயா கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நல்லூர்ப் பக்கம் அவளுக்குப் பொய்க்காரி என்று பேர். பெத்த பிள்ளை செத்ததை வைத்துப் பொய் சொல்கிறாள் என்று கடை வாசலில் நின்று பேசினார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை அந்த வழக்கின் கடைசி வாய்தா.

இதற்கு மேல் ஒரு கூத்தைக் கேளுங்கள். பாராட்டு விழாக் குழுவின் தலைவர் யார் என்றால், அதே நஞ்சப்பன்தான். மண்டபத்து வாடகையிலிருந்து கேசரி வரைக்கும் அவர் உபயம். ஐயா விட்டுப்போகிற தொகுதி அவருக்கு வேண்டும். இன்றைய ஏற்புரையில் ஐயா அவர் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டப்போகிறார் என்பது ஊரறிந்த ரகசியம்.

தங்கவேலு கட்டிலில் உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்க அந்த நாள் கண்முன் வந்தது. நல்லூரில் தெருவிளக்குத் திறப்பு. மனுவும் கையுமாக ஜனங்கள் முண்டியடித்தபோது அவன்தான் சத்தம் போட்டான்: மனு எல்லாம் வியாழக்கிழமை அலுவலகத்துக்குக் கொண்டுவாங்க, இன்னிக்கு மாலை மரியாதைக்கு மட்டுந்தான் மேடை. தொண்டர்கள் ஜனங்களின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினார்கள். துண்டோடு வந்தவர்களை மட்டும் விட்டார்கள். ஒல்லியாக ஒரு பெண், உறைபோட்ட துண்டோடு வரிசையில் வந்தாள். அவளைத் தலையசைத்து மேலே அனுப்பியதும் அவனேதான். ஐயாவிடம் துண்டைக் கொடுத்துவிட்டு அவள் ஏதோ சொன்னாள். குழாய் ஸ்பீக்கர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஐயா, “சரிங்க அம்மணி, சந்தோசம்” என்று சிரித்துவிட்டுத் துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நீட்டினார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று இப்போது விளங்கியது. உள்ளே காகிதம் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்வாள்?

கிழித்துவிடலாம். கழிவறை பக்கத்திலேயே இருக்கிறது. நாலு துண்டாகக் கிழித்துப் போட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. பிரம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஐயாவின் முப்பது வருஷப் பொதுவாழ்க்கை, வெள்ளை வேட்டியில் ஒரு பொட்டுக் கறை இல்லாமல் நிறைவாக முடியும். அதை இந்த ஒரு காகிதம் நாசம் பண்ணுவதா? அதுவும் இன்றைக்கா?

கதவைத் தட்டினார்கள். காகிதத்தை மடித்துத் துண்டு அடுக்குக்கு அடியில் சொருகிவிட்டுத் தாழை எடுத்தான். நஞ்சப்பன். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் ஏற்கெனவே இரண்டு மாலை.

என்ன தாழ் போட்டுக்கிட்டு, என்று விசாரித்தார். துண்டு தயாரா என்று கேட்டார். தயார்தாங்க என்றான் தங்கவேலு. நஞ்சப்பன் கட்டிலில் அவன் பக்கத்திலேயே, அந்த அடுக்கை ஒட்டி உட்கார்ந்தார். ஐயாவுக்கு அப்புறம் நீ என்ன பண்ணப்போகிறாய் என்று கேட்டார். தங்கவேலு துண்டுகளின் ஓரத்தை நேராக்கினான். அவனுக்கு நாற்பத்தாறு வயசு, இந்த வேலை தவிர வேறு தெரியாது, அனுப்பர்பாளையத்தில் வாடகை வீடு, கல்யாணத்துக்கு நிற்கிற மகள்.

“எங்கயும் போகவேண்டாம். எங்கிட்டயே இருந்துக்க” என்றார் நஞ்சப்பன். “நாளைக்கு அந்தக் கேஸ் முடிஞ்சுரும். ஐயா குடுத்த லெட்டர்தான் என்னைக் காப்பாத்துச்சு. அதை டைப் அடிச்ச கைக்கு நான் ஒரு மோதிரமாச்சும் போடோணுமல்ல?”

சொல்லிக்கொண்டே மேலாக இருந்த துண்டைத் தடவிப் பார்த்தார். நல்ல துணி என்றார். ஒன்றை உருவி எடுக்கவும் பார்த்தார். தங்கவேலுவின் கை தானாகவே போய் அடுக்கை அமுக்கிக்கொண்டது. வரிசையாக வெச்சிருக்கறனுங்க, கலைஞ்சு போயிருமுங்க என்றான். நஞ்சப்பன் சிரித்துவிட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, அந்தப் பொம்பளை காலையிலிருந்து கேட்டிலேயே நிற்கிறது, உள்ளே விட்டுவிடாதே என்று சொல்லிப் போனார்.

அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. காலை ஒன்பது மணிக்கே தொண்டர்கள் வந்து தங்கவேலுவிடம் கேட்டிருந்தார்கள், மாரக்காள் ஐயாவைப் பார்க்கவேண்டும் என்கிறாள், விடலாமா என்று. சண்டை சச்சரவு வேண்டாம், பக்குவமாகச் சொல்லி வெளியிலேயே நிறுத்துங்கள், வேண்டுமானால் ஒரு இலை போட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டவன் அவன்தான். சாப்பாடு வேண்டாம் என்றாளாம். வெயிலில் அப்படியே நிற்கிறாளாம்.

தங்கவேலு காகிதத்தை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனான். உள்ளதைச் சொல்ல வேண்டுமே! கிழிக்கத்தான் போனான். விரல் இரண்டையும் தாளின் மேல் ஓரத்தில் வைத்துவிட்டான். அப்போது மேடையில் வாழ்த்துமடல் வாசிக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு ஐயாவுக்குக் கொடுக்கப்போகிற மடல். மூன்று நாள் ராப்பகலாக அதை எழுதியவனும் தங்கவேலுதான். வாசிக்கிறவருக்கு நல்ல வெண்கலக் குரல். குடிநீர்த் திட்டம் வந்தது, பாலம் வந்தது, பள்ளிக்கூடம் மேல்நிலை ஆனது, எல்லாம் வந்தது. பிறகு அந்த வரியும் வந்தது.

“ஏழை கொடுத்த மனு ஒன்றையேனும் எங்கள் ஐயா படிக்காமல் விட்டதில்லை, பதில் சொல்லாமல் இருந்ததில்லை!”

மண்டபமே கைதட்டியது. விசில் பறந்தது. அது தங்கவேலுவின் சொந்த வரி. எழுதியபோது அதைப் பத்துத் தடவை தனக்குள்ளேயே படித்து மகிழ்ந்திருந்தான்; அதைவிட உண்மையான வரி அந்த மடலில் வேறு இல்லை என்று நம்பியிருந்தான். இப்போது கையில் கிடந்தது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து. தாளை விட்டால் தானே கீழே விழுந்துவிடும்போல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, மீதி உறைகளையும் பிரித்து அடுக்கி, துண்டு அடுக்கை இரண்டு கையிலும் ஏந்தி, காகிதத்தை அதன்மேல் வைத்து, மேடைக்குப் போனான்.

மேடையில் ஐயாவுக்கு ஒரு பக்கம் நஞ்சப்பன். இன்னொரு பக்கம் ஆள் உயரத்துக்குப் பித்தளைக் குத்துவிளக்கு, குழுவின் பரிசு. தங்கவேலு பின்பக்கமாகப் போய்க் குனிந்து காகிதத்தை ஐயாவின் கையில் வைத்தான்.

“ஐயா, இதை இப்பவே படிச்சுருங்க.”

நன்றி சொல்லவேண்டியவர்களின் பட்டியல் என்று நினைத்து அவர் கண்ணாடியை மாட்டினார். படித்தார். முதல் இரண்டு வரி வரைக்கும் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் தாளை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படித்தார். பக்கத்திலிருந்து நஞ்சப்பன் எட்டிப்பார்த்தபோது மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

“எங்க இருந்துச்சு?” குரல் தங்கவேலுவுக்கு மட்டும் கேட்டது.

“அந்தம்மா நல்லூர்ல கையில குடுத்த துண்டுக்குள்ளீங்க. பிரிக்காம பீரோவுல வெச்சுட்டனுங்க.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க. அந்தம்மா காலைல இருந்து கேட்டுல நிக்கறாங்க.”

ஐயா தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். போட்டு, பையின் மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்தார். “சரி, துண்டைக் குடு” என்றார்.

அவ்வளவுதான். ஐம்பது பேரும் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். தங்கவேலு துண்டை நீட்ட, ஐயா போர்த்த, போட்டோக்காரர் பிடிக்க, அடுத்தவர். ஒவ்வொருவரிடமும் பேர் சொல்லி இரண்டு வார்த்தை விசாரித்தார். பெண்டாட்டி முட்டிவலி எப்படி இருக்கிறது என்று ஒருவரைக் கேட்டார். தங்கவேலு அவர் முகத்தையே பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷ அரசியல்வாதியின் முகத்தில் அவர் நினைத்தால்தான் ஏதாவது தெரியும். ஐயா முடிவு பண்ணிவிட்டார் என்று தங்கவேலுவுக்குத் தோன்றியது. அந்தத் தாள் இனி வெளியே வராது. அப்படித் தோன்றியதும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்துத்தான் அவனுக்கு அவன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பாரத்தைக் கைமாற்றிவிட்டோம், இனி அவர் பாடு என்கிற நிம்மதி! அது எவ்வளவு கேவலமான நிம்மதி என்று முப்பதாவது துண்டு வரும்போதே தெரிந்துவிட்டது. நாற்பதாவது துண்டில், அவர் சொல்லாவிட்டால் நாளைக்குக் கோர்ட்டில் நான் சொல்வது என்று முடிவு பண்ணினான். நாற்பத்தைந்தாவது துண்டில் மகள் கல்யாணம் நினைவுக்கு வந்தது. ஐம்பதாவது துண்டு முடியும்வரை முடிவு இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டே இருந்தது.

ஏற்புரை. ஐயா மைக் முன்னால் வந்து நின்றார். கரகோஷம் அடங்க நேரம் பிடித்தது. பெரியோர்களே தாய்மார்களே என்று வழக்கம்போலத்தான் ஆரம்பித்தார். குழுவுக்கு நன்றி சொன்னார், முன்னாலிருந்த பழைய தோழர்களைப் பேர் சொல்லிக் கும்பிட்டார். நஞ்சப்பன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கூப்பிட்டால் எழத் தயாராக இருந்தார். ஐயா ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“கேட்டுல மாரக்காள்னு ஒரு அம்மா நிக்கறாங்களாம். அவங்கள உள்ள கூட்டிட்டு வாங்க” என்றார்.

தொண்டர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லாரும் தங்கவேலுவைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான். இரண்டு பேர் ஓடினார்கள். நஞ்சப்பன் எழுந்து ஐயாவின் காதருகே ஏதோ சொல்லப் போனார். ஐயா அவர் பக்கம் திரும்பவேயில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.

முழுதும் படித்தார். பிள்ளை எழுதியது எழுதியபடியே, நிறுத்தி நிறுத்தி. ‘அந்தச் சந்தில்தான் நாங்கள் விளையாடுகிறோம்’ என்ற இடத்தில் குரல் இறங்கிப்போய், விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். எழுதிய பிள்ளை யார், எந்த வகுப்பு, எந்தத் தேதி எல்லாம் சொன்னார். இந்த மனு என் கைக்கு வந்தது, நான்தான் வாங்கினேன், தொலைத்தது நான், வரவே இல்லை என்று கோர்ட்டுக்குக் கடிதம் கொடுத்ததும் நான், என்றார். தங்கவேலுவின் பேரை எடுக்கவில்லை. தங்கவேலுவுக்கு அதுதான் சாட்டையடியாக இருந்தது.

“அந்தம்மா பொய் சொல்லலீங்க. நாந்தான் பொய் எழுதிக் குடுத்தவன். நாளைக்கு அதே கோர்ட்டுல போய்ச் சொல்லுவேன்.”

இப்படிச் சொன்னால் மண்டபம் பதறிப்போகும், கூச்சலாகும், நாற்காலி பறக்கும் என்று தங்கவேலு பயந்து நின்றான். நடந்தது வேறு. எங்கோ பின்வரிசையில் ஒருத்தர் கை தட்டினார். பக்கத்திலிருந்தவர் தட்டினார். அப்புறம் மண்டபமே தட்டியது. விசில், ஐயா வாழ்க என்று கோஷம். மனுஷன்னா இவர்தாண்டா மனுஷன் என்று முன்வரிசையில் ஒருவர் அழுதேவிட்டார். எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாமல் நஞ்சப்பனும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டே பின்பக்கப் படியில் இறங்கிப் போனார். அவர் போவதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் மாரக்காள் உள்ளே வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். ராத்திரி ஷிப்டு முடித்து நேரே வந்தவள்போல் தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. எதற்காக எல்லாரும் தன்னைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள் என்று புரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்தாள். காகிதம் கிடைத்த விஷயத்தை மட்டும் தொண்டர்கள் வழியிலேயே சொல்லியிருக்க வேண்டும். மேடைப்படி ஏறும்போது அவள் கண் ஐயாவைத் தேடவில்லை, அவர் கையிலிருந்த தாளைத்தான் தேடியது.

ஐயா இரண்டு கையும் கூப்பினார்.

“என்னை மன்னிச்சுருங்க அம்மணி.”

மறுபடி கைதட்டல். போட்டோக்காரர் படபடவென்று பிடித்தார். மாரக்காள் கும்பிடுக்குப் பதில் கும்பிடு போடவில்லை. கையை நீட்டித் தாளை வாங்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே போனாள். கடைசி வரியில் விரல் நின்றது. அந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

நாளைக்குப் பத்தரை மணிக்கே கோர்ட்டுக்கு வந்துவிடுகிறேன், உங்கள் வக்கீலிடம் இன்றைக்கே பேசுகிறேன் என்றெல்லாம் ஐயா சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், சரிங்க என்றாள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தாள். மைக் பக்கத்தில்தான் இருந்தது. அவள் மெதுவாகப் பேசினாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“ஏனுங்க சாமி, இது இத்தன நாளும் எங்கீங்க இருந்துச்சு?”

சென்னிமலை திரும்பித் தங்கவேலுவைப் பார்த்தார். பத்தொன்பது வருஷமாக, சட்டென்று பதில் வராத இடத்தில் எல்லாம் அவர் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார். கலெக்டர் கேட்டாலும் மந்திரி கேட்டாலும் தங்கவேலுவிடம் ஒரு பதில் இருக்கும். அவன் இரண்டடி முன்னால் வந்தான்.

“பீரோவுலீங்க. நீங்க குடுத்த துண்டுக்குள்ளயே இருந்துச்சு. நாந்தானுங்க வாங்கி வெச்சேன். துண்டப் பிரிக்கவே இல்லீங்க. இன்னிக்குக் காலைலதான் பிரிச்சேன்.”

“பிரிக்கவே இல்லீங்களா?”

“இல்லீங்க.”

கைதட்டியவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாரக்காள் தாளை அதன் பழைய மடிப்பிலேயே நாலாக மடித்தாள். அவள் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தங்கவேலு காத்திருந்தான். இரண்டில் ஒன்று நடந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட வேண்டிக்கொண்டான். அவள் இரண்டும் செய்யவில்லை.

“ரெண்டரை வருசமா உங்க ரெண்டு பேரையும் நான் வேற மாதிரி நெனச்சிருந்தனுங்க” என்றாள். “படிச்சுப் பாத்துட்டு, முதலாளிக்கு வேண்டி மறைச்சுட்டீங்கன்னு நெனச்சேன். எம் புள்ள எழுதுனத நீங்களாச்சும் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சனுங்க.”